ஈயக்குட்டைக்கு முந்தின கல்

நடப்பதற்கு நல்ல சப்பாத்து வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஐயா. உண்மையில் காலுறைதான் முக்கியம். சப்பாத்துக்குள் தண்ணீர் போனால் போகட்டும், நாலு எட்டு வைத்தால் தானாக வெளியே வந்துவிடும். காலுறை மடிந்து கிடந்தால் அன்றைய நடை பாழ். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எழுத வேண்டிய இடம் வரும்போது நானே சொல்கிறேன். தேநீர் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி.

என் பெயர் ரெங்கசாமி. கோலாலம்பூர் ரயில் நிலையத்தில் டிக்கட் கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவன். கிள்ளான், காஜாங், பத்துமலை என்று வாரம் முழுவதும் ஊராரை அனுப்பிவைப்பது என் வேலை. அனுப்பிவைக்கிறவன் எங்காவது போகிறானா என்று ஒருவரும் கேட்டதில்லை. வேலாயுதம்தான் கேட்டார். அவர் சரக்கு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி, பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸில் எனக்கு அடுத்த வீடு. "ஒக்காந்து ஒக்காந்து ஜன்னலோட ஜன்னலா ஆயிட்டீங்களே. வாங்க, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. அவர்மேல் எனக்கு ஒரு துளிகூடப் பகை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்புவதில்லை.

இரண்டு பேர் நடந்தோம், பிறகு ஆறு பேர், பிறகு பிரிக்பீல்ட்ஸில் பாதிப் பேர். வெள்ளைக்காரத் துரைகள் ஓடுவதற்கும் துரத்துவதற்கும் சங்கம் வைத்திருக்கிறார்கள். நாம் நிதானமாக நடப்பதற்கு ஒன்று வைத்தால் என்ன என்று வேலாயுதம்தான் கேட்டார். பிரிக்பீல்ட்ஸ் தமிழர் நடைச் சங்கம் பிறந்தது. வேலாயுதம் செயலாளர். டிராலியில் ரயில் பாதையைப் பார்வையிடப் போகும் இராமலிங்கம் பொருளாளர். நான் வழி காண்பவர். அப்படி ஒரு பதவி வேறு எந்தச் சங்கத்திலும் இருக்காது. எனக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் தனியாகப் போய் ஒரு புது வழியைக் கண்டுபிடித்து, அடையாளம் வைத்துவிட்டு வருவேன். ஞாயிற்றுக்கிழமை சங்கம் அந்த வழியில் நடக்கும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவர்களின் ஒற்றையடிப் பாதை, விறகு வெட்டிகளின் பாதை, எதுவும் இல்லையென்றால் காட்டுப்பன்றி போன பாதை. பன்றி போன வழியில் மனிதனும் போகலாம், கொஞ்சம் குனிந்தால் போதும்.

ஐயா, நீங்கள் ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறீர்களா? லாலாங் புல்லை விலக்கிக்கொண்டு போகிறீர்கள், இதற்குமேல் போக முடியாது என்று நினைக்கிறீர்கள், அங்கே ஒரு ஆள் அகலத்துக்குத் தரை திறக்கிறது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் அந்த மாதிரி ஒரு சந்தோஷம் கிடைத்திருக்குமா என்று தெரியாது.

தொல்லை அடையாளத்தில்தான் வந்தது. துரைகள் காகிதத்தைக் கிழித்துப் போட்டுக்கொண்டே போவார்கள். நானும் போட்டேன், மத்தியான மழையில் கூழாகிவிட்டது. துணி கட்டினேன், தோட்டத்துச் சனங்கள் அவிழ்த்துக்கொண்டு போய் அடுப்புத் துணியாக்கினார்கள். மரத்தில் சுண்ணாம்பு அடித்தேன், தோட்டத்துக் கங்காணி என் சட்டையைப் பிடித்துவிட்டார். கடைசியில்தான் அந்த யோசனை வந்தது. ஆற்றிலிருந்து மொழுமொழுவென்று ஒரு கல்லை எடுத்து, மஞ்சளும் குங்குமமும் எண்ணெயில் குழைத்துப் பூசி, பாதை பிரியும் இடத்தில் நட்டு வைத்தேன். மழைக்குக் கரையவில்லை. ஒரு மனிதனும் அதைத் தொடவில்லை. கங்காணி அதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார். பாதை பிரியும் இடத்திலெல்லாம் இப்படி ஒவ்வொன்று நட்டு, என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்திருக்கும் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். நம் ஆட்களுக்கு மஞ்சள் பூசிய கல்லைக் கண்டால் கால் நகராது. முதல் ஞாயிறு வேலாயுதம் கைகூப்பினார், அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு சூடம் கொண்டு வந்தார். அதற்கடுத்த ஞாயிறு மூன்று முறை சுற்றி வந்தார். அவர் சுற்றினால் பின்னால் வருகிறவர்களும் சுற்ற வேண்டாமா? மதியத்துக்குள் முடிய வேண்டிய நடை நாலாவது கல்லைத் தாண்டவில்லை. தேங்காய் வந்தது, சுண்டல் வந்தது, பெண்பிள்ளைகள் பொங்கல் பானையோடு வந்தார்கள். ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கமலாப்பழமும் ஊதுவத்தியும் வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களாவது வைத்துவிட்டு நடந்தார்கள்.

நான் வேலாயுதத்திடம் எடுத்துச் சொன்னேன். இது ஆற்றுக் கல், நான்தான் பொறுக்கினேன், பாசாரில் மஞ்சள் வாங்கியதும் நான்தான், இதில் அம்மனும் இல்லை ஒன்றும் இல்லை என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்குக் கோபமே வராது.

"நீங்கதான் வெச்சீங்க, இல்லேங்கல. ஒங்கள வெக்க வெச்சது யாருண்ணே?" என்றார்.

 

ஆண்டுக் கூட்டத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டு வந்தார். கண்ட வழி போதும், இனிமேல் புது வழி தேட வேண்டாம், இருக்கிற கற்களை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் புண்ணியம் என்று தீர்மானம். சங்கத்தின் பெயரை வழிக்கல் அம்மன் பக்த சபை என்று மாற்றுவதற்கும் கை தூக்கினார்கள். வழி காண்பவர் பதவி எடுக்கப்பட்டது. அதற்குப் பதிலாக எனக்குப் பூசாரி வேலை கொடுத்தார்கள். கற்களைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை என்று எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அன்று அழுகை வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து வேலாயுதம் தம் துண்டை நீட்டினார்.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர்களை நிலையத்தின் பார்சல் தராசில் நிறுத்துப் பார்க்கிற வழக்கம் ஒன்று எங்களிடம் இருந்தது. நடையினால் உடம்பு எவ்வளவு இளைக்கிறது என்று பார்ப்பதற்காக நான் கொண்டு வந்த வழக்கம். கூட்டம் முடிந்த மறுநாள் எல்லோரையும் நிறுத்தேன். இராமலிங்கம் காற்றடித்தால் பறந்துவிடுகிற ஆள். வேலாயுதம் பொங்கலிலும் சுண்டலிலும் நன்றாகத் தேறியிருந்தார். நடைச் சங்கத்தில் சேர்ந்து எடை கூடிய ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார். தராசில் நின்றுகொண்டு, "பார்சல்ல ஊருக்கு அனுப்பிடாதீங்கலா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அவரிடம் ஒரே ஒரு சலுகை கேட்டேன். ஏற்கெனவே ஒரு வழி கண்டு வைத்திருக்கிறேன், கடைசி வழி, அதில் மட்டும் ஒரு தடவை என்னோடு முழுக்க நடந்துவிடுங்கள் என்றேன். உடனே சம்மதித்தார். அவர் மனது அப்படி.

அந்த வழி செராஸுக்கு அப்பால் இருக்கிறது. பஸ்ஸை விட்டு இறங்கி, பால்மரக் காட்டுக்குள் புகுந்து, ஓர் ஓடையைத் தாண்டினால் பழைய ஈயக்குட்டை ஒன்று வரும். ஈயத்தை வாரிக்கொண்டு சீனர்கள் போய்விட்டார்கள், பள்ளத்தில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அதன் கரையோரமாகப் போய் மேட்டில் ஏறினால் உச்சியில் ஒரு மொட்டைப் பாறை. நின்று பார்த்தால் ஊர் முழுவதும் தெரியும். மேகம் இல்லாத நாளில் மேற்கே, கிள்ளான், காப்பார் பக்கம், வெள்ளிக் கம்பி மாதிரி கடல் தெரியும். நான் கண்ட வழிகளில் அதுதான் மிகச் சிறந்தது. அந்தப் பாறையில் யாராவது என் பக்கத்தில் நின்று 'நல்ல வழி' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பெரிய ஆசை என்று சொல்ல முடியுமா?

இந்த இடத்தில் பேனாவை எடுத்துக்கொள்ளலாம், ஐயா.

குட்டையின் கரை பார்க்க உறுதியாக இருக்கும். கீழே தண்ணீர் மண்ணை அரித்துவிட்டது, மேலே புல் மூடிய வெறும் தட்டுதான் நிற்கிறது. மேட்டுக்குத் திரும்பும் அடையாளத்தை அந்தக் கரையில் வைத்தேன். அடையாளம் வைக்க அதுவே சரியான இடம், பாதை அங்கேதான் திரும்புகிறது. கல்லுக்கு இந்தப் பக்கமாக நடந்து போனால் ஒரு யானையே போகலாம். அந்தப் பக்கம், தண்ணீர் ஓரமாகச் சுற்றினால்தான் ஆபத்து. எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு வழியைத் திறப்பது பொறுப்பற்ற செயல் அல்லவா? வேலாயுதத்தின் எடைக்கு ஈரமணலைச் சாக்கில் கட்டி, கயிறு போட்டுக் கல்லைச் சுற்றி இழுத்துப் பார்த்தேன். இரண்டு சுற்று தாங்கியது. மூன்றாவது சுற்றில் சாக்கு போய்விட்டது. கரை உடைந்ததால் கல்லைப் பிடுங்கி, பக்கத்தில் அதே மாதிரி மண் அரித்து, இன்னும் உடையாத இடமாகப் பார்த்து நட்டேன்.

அன்றைக்கு நல்ல வெயில், சங்கமே திரண்டு வந்திருந்தது. பஸ்ஸிலிருந்து இறங்கியதிலிருந்தே வேலாயுதம் உற்சாகமாக இருந்தார். ஓடையைத் தாண்டும்போது வழக்கம்போல் என் தோளைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் தண்ணீர்கூட அவருக்குப் பயம், நீச்சல் தெரியாது. இத்தனை வருஷத்தில் எத்தனை ஓடை தாண்டியிருப்போம், ஒவ்வொன்றிலும் அந்தக் கை என் தோளில்தான் இருந்திருக்கிறது. வழியிலிருந்த கற்களையெல்லாம் சுற்றிவிட்டுத்தான் வந்தார். 

குட்டைக்கரைக் கல்லிடம் வந்ததும் சொன்னேன். எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன், சாட்சி இருக்கிறது. "இந்தக் கல்ல மட்டும் சுத்தாதீங்க. நேரா மேட்டுக்கு வந்துடுங்க" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன். சுற்றாமல் வந்திருந்தால் நானும் அவரும் பாறையில் நின்று கடலைப் பார்த்திருப்போம், இன்றைக்கு உங்களுக்கும் இந்த வேலை இருந்திருக்காது.

"எல்லாத்தையும் சுத்திட்டு இவள மட்டும் விட்டுட்டுப் போனா என்ன நெனைப்பா?" என்றார் வேலாயுதம்.

சப்பாத்தைக் கழற்றி வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். நான் மேட்டை நோக்கி நாலு எட்டு வைத்து நின்றேன். மூன்றாவது சுற்றில் கரை போய்விட்டது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. எல்லோரும் ஓடி வந்தார்கள், காட்டுக்கொடியை வெட்டி அவரை நோக்கி எறிந்தார்கள். நான் என் குடையை நீட்டினேன். எட்டாது என்று தெரியும், இருந்தாலும் நீட்டினேன். அவர் கை ஒரு தடவை மேலே வந்தது. என் தோளைத் தேடுவது போல் இருந்தது. நான் ஓர் எட்டு பின்னால் தள்ளி நின்றேன், அந்தக் கரையின் பலம் மற்றவர்களைவிட எனக்குத் தெரியும் அல்லவா?

கால் இடறி விழுந்தார் என்று உங்கள் போலீஸ் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். சங்கத்தார் வேறு மாதிரி பேசினார்கள். அம்மன் அவரைக் கூப்பிட்டுக்கொண்டாள் என்றார்கள். அவர் மனைவி இராஜம்மா, பாவம், மூன்று நாள் அன்ன ஆகாரம் இல்லாமல் கிடந்தாள். நாலாம் நாள் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அவரு நல்ல எடத்துலதான் போய்ச் சேந்திருக்காரு. அந்த எடத்தக் கண்டுபிடிச்சுக் குடுத்தது நீங்கதாண்ணே" என்று கும்பிட்டாள்.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் எனக்கு இட்லி கொடுத்தனுப்புகிறாள். நல்ல மிருதுவான இட்லி. நான் சாப்பிட்டுவிடுவேன், திருப்பி அனுப்பினால் மனது சங்கடப்படுவாள்.

பிறகு ஏன் கல்லை அங்கேயே விட்டேன் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சங்கத்தில் ஒரு விதி இருக்கிறது, நானே எழுதியது. செயலாளரின் அனுமதி இல்லாமல் எந்த அடையாளத்தையும் நகர்த்தக் கூடாது. செயலாளர் குட்டைக்குள் போய்விட்டார். புதுச் செயலாளர் வரும்வரை நான் காத்திருந்தேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்து இராமலிங்கத்தைப் போட்டார்கள். அவரிடம் முறைப்படி கேட்டேன். கல்லுக்குப் பின்னால் கரை உடைந்து கிடக்கிறது, சுற்ற வழியில்லை, நல்ல தரையாகப் பார்த்துத் தள்ளி வைக்கட்டுமா என்றேன். அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒங்களுக்குத் தெரியாததா? செய்ங்கண்ணே" என்றார். ஆகவே அனுமதியோடுதான் செய்தேன்.

இராமலிங்கமாவது புது வழி தேடச் சம்மதிப்பார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கேட்டுப் பார்த்தேன். வேலாயுதத்தின் தீர்மானத்தை மாற்றினால் அவர் ஆத்மா சாந்தி அடையாது என்றார். சரி என்று விட்டுவிட்டேன். கல்லை அதே கரையில் பத்தடி தள்ளி வைத்தேன். இராமலிங்கம் எடை குறைவு, மூன்று சுற்றை அந்தத் தரை சுலபமாகத் தாங்கும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர் இறந்துபோன நண்பருக்காக ஒன்பது சுற்று வேண்டிக்கொண்டிருந்தார். அது எனக்குத் தெரியும், ஆனால் வேண்டுதல் ஒருவருடைய சொந்த விஷயம். அதில் மூக்கை நுழைக்க நான் யார்?

இராமலிங்கத்துக்குப் பிறகு கல்லை எடுத்து உறுதியான தரையில் நட்டுவிட்டேன். நான் ஆளைத் தேடிப் பிடித்துக் கொல்கிறவன் அல்ல. சங்கம் கலைந்துவிடும், எனக்கு அந்தப் பாதை திரும்பக் கிடைத்துவிடும், தனியாகவாவது பாறையில் போய் நிற்கலாம் என்று நினைத்தேன்.

நடந்தது வேறு. இரண்டு பேரை எடுத்துக்கொண்ட அம்மன் என்று ஊரெல்லாம் பேச்சு பரவிவிட்டது. பயந்து ஒதுங்குவார்கள் என்று பார்த்தால் வண்டி கட்டிக்கொண்டு வருகிறார்கள். கிள்ளானிலிருந்து, காப்பாரிலிருந்து, பூச்சோங் தோட்டங்களிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்குகிறார்கள். 'ஈயக்குட்டை அம்மனுக்கு எந்தப் பக்கம்' என்று என் ஜன்னலிலேயே வந்து கேட்கிறார்கள். நானும் சொல்லி அனுப்புகிறேன், வேலை அல்லவா? என் ஒற்றையடிப் பாதை இப்போது மாட்டுவண்டி போகிற அளவுக்குத் தேய்ந்துவிட்டது. போன ஞாயிறு போனேன். பன்றிகள் போய்விட்டன. கல்லைச் சுற்றித் தகரக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். இத்தனை ஆயிரம் பேரில் ஒருவராவது கல்லைத் தாண்டி மேட்டில் ஏறவில்லை. ஒருவர்கூட. அங்கிருந்து கடல் தெரியும் என்பதே யாருக்கும் தெரியாது.  கோயில் கமிட்டியார் அடுத்த மாதம் அங்கே தார்ச்சாலை போடப் போகிறார்களாம்.

அதனால்தான் உங்களிடம் வந்தேன். நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னால் சர்க்கார் அந்த இடத்தைக் கயிறு கட்டி மூடிவிடும், சனங்கள் கலைந்துவிடுவார்கள், புல் திரும்ப முளைக்கும் என்று கணக்குப் போட்டேன். என்னைத் தூக்கில் போட்டாலும் பாதை பிழைத்துக்கொள்ளும். வேலாயுதத்தையும் இராமலிங்கத்தையும் நான்தான் கொன்றேன், ஐயா. கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொன்னால் போடுகிறேன்.

நீங்கள் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டீர்கள்.

"மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. ரெண்டு கூட்டாளிய ஒரே வருஷத்துல பறிகொடுத்தா யாருக்கும் இப்பிடித்தான் தோணும்" என்கிறீர்கள். போன மாதம் உங்கள் மகளுக்குக் காய்ச்சல் என்று அந்தக் கல்லிடம் வேண்டிக்கொண்டீர்களாம், மறுநாளே இறங்கிவிட்டதாம். அம்மன் எடுத்துக்கொண்டதை நான் எடுத்தேன் என்று சொல்வது அபசாரம் என்கிறீர்கள். வரும் ஞாயிறு குடும்பத்தோடு போய் இருபத்தொரு சுற்று சுற்றப் போவதாகவும் எனக்கும் சேர்த்து வேண்டிக்கொள்வதாகவும் சொல்கிறீர்கள். நல்ல மனது உங்களுக்கு. வேலாயுதத்துக்கும் அப்படித்தான்.

சரி, நான் வீட்டுக்குப் போகிறேன். சனிக்கிழமை எனக்கு ஓய்வு. கொட்டகைக்குள் நெரிசல் தாங்கவில்லை, கல்லைக் கொஞ்சம் காற்றோட்டமான இடமாகப் பார்த்துத் தள்ளி வைக்கலாம் என்று இருக்கிறேன். சங்கத்தில் இப்போது செயலாளரும் நான்தான், அனுமதி கேட்க வேறு ஆள் இல்லை.

அதற்கு முன்னால் ஒரு சிறு உதவி, ஐயா. நாளைக்கோ மறுநாளோ நிலையத்துப் பக்கம் ஒரு நடை வந்துவிட்டுப் போங்கள். வீட்டாரையும் அழைத்து வரலாம். பார்சல் தராசு பெரியது, நாலு பேர் சேர்ந்து நிற்கலாம்.